த்ரெட்ஸைத் தடுக்கலாமா, விடலாமா? சிறிய சர்வர் நடத்தும் நண்பருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: நண்பர்கள் சேர்ந்து 80 பேருக்கு ஒரு மாஸ்டடான் சர்வர் (ட்விட்டர் மாதிரி, ஆனால் யார் வேண்டுமானாலும் சொந்தமாக நடத்தக்கூடிய சமூக வலைத்தளம்) நடத்துகிறீர்கள். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் சமூக வலைத்தளம் த்ரெட்ஸ். அது இப்போது ஃபெடிவர்ஸுக்குள், அதாவது ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இப்படிப்பட்ட சர்வர்களின் வலைப்பின்னலுக்குள், வந்துவிட்டது. உறுப்பினர்களில் பாதிப்பேர் உடனே தடுக்கச் சொல்கிறார்கள். மீதிப்பேர், சொந்தக்காரர்களும் பழைய நண்பர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், திறந்தே இருக்கட்டும் என்கிறார்கள். திறந்த அரட்டை வலைப்பின்னலுக்குள் வந்து, பிறகு கதவை மூடிக்கொண்டு போன கூகுள் டாக் கதை மறுபடி நடந்துவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனம் உள்ளே வரும் நாளைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். அது வெளியே போகும் நாளை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கோ பத்து வருடம் கழித்தோ த்ரெட்ஸ் இந்த இணைப்பை அறுத்துக்கொண்டு போனால், உங்கள் 80 பேர் கையில் என்ன மிஞ்சும்? அதை வைத்து முடிவெடுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் வரும் சண்டைகளில் பாதி இது புரியாததால் வருவதுதான்.

உங்கள் சர்வரில் இருக்கும் ஒருவர், த்ரெட்ஸில் இருக்கும் தன் அக்காவைப் பின்தொடர நினைக்கிறார் என்று வையுங்கள். தேடல் பெட்டியில் அக்காவின் பயனர் பெயரோடு த்ரெட்ஸின் முகவரியையும் சேர்த்து அடிக்கிறார், மின்னஞ்சல் முகவரி மாதிரியே. உங்கள் சர்வர் த்ரெட்ஸிடம் போய் "இந்தப் பெயரில் யாராவது உண்டா?" என்று கேட்கிறது. அக்காவின் கணக்கு பொதுக் கணக்காக இருந்து, ஃபெடிவர்ஸில் பகிரும் அமைப்பையும் அவர் தானே இயக்கி வைத்திருந்தால்தான் பதில் வரும். இல்லையென்றால் கிடைக்காது. ஆள் கிடைத்ததும் "பின்தொடர விரும்புகிறேன்" என்று ஒரு சீட்டு அக்காவின் உள்பெட்டிக்குப் போகிறது, "சரி" என்று ஒரு சீட்டு திரும்பி வருகிறது.

அதற்கப்புறம் அக்கா ஒரு பதிவு போட்டால், த்ரெட்ஸ் அதைச் சில நிமிடம் வைத்திருந்து, கையெழுத்திட்ட ஒரு கடிதமாக உங்கள் சர்வரின் வாசலில் போடுகிறது. திருத்தவோ அழிக்கவோ அவகாசம் தருவதற்காக அந்தச் சில நிமிடங்கள். உங்கள் சர்வர் கையெழுத்தைச் சரிபார்த்து, பதிவின் ஒரு பிரதியைத் தன் டேட்டாபேஸில் எழுதி, படத்தையும் இறக்கி வைத்துக்கொள்கிறது. உங்களிடம் 50 பேர் அதே அக்காவைப் பின்தொடர்ந்தாலும் கடிதம் ஒன்றுதான் வரும். சர்வர்கள் இப்படிப் பேசிக்கொள்வதற்கான நெறிமுறைதான் ஆக்டிவிட்டிபப், இவ்வளவுதான். 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி இதைத் தரநிலையாக அறிவித்தது. அதை எழுதி முடிக்கப் பல வருடம் உழைத்தவர்கள் பெரும்பாலும் சிறிய மென்பொருள் திட்டங்களிலிருந்து வந்தவர்கள். மெட்டா இன்று நுழையும் வாசல் அவர்கள் கட்டியது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். த்ரெட்ஸோடு இணைந்த கணமே உங்கள் உறுப்பினர்களின் பதிவுகள் எல்லாம் மெட்டாவுக்குக் கொட்டுவதில்லை. அங்கே யாராவது இவர்களைப் பின்தொடர்ந்தால், அல்லது இவர்கள் அங்கே ஒருவரைக் குறிப்பிட்டு எழுதினால், அந்தப் பதிவு போகும். போனபின் என்ன என்பதற்கு மெட்டா ஒரு துணைத் தனியுரிமை ஆவணமே வைத்திருக்கிறது. வெளி சர்வரில் இருப்பவர் த்ரெட்ஸ் பயனரோடு உறவாடினால் அவருடைய பயனர் பெயர், முகப்புப் படம், ஐபி முகவரி, அவர் இருக்கும் சேவையின் பெயர், பதிவு, விருப்பக்குறி போன்றவை சேகரிக்கப்படலாம் என்று அதில் இருக்கிறது. மாஸ்டடான் படங்களைத் தன்னிடம் பிரதி எடுத்துக் காட்டுவதால் உறுப்பினரின் சொந்த ஐபி முகவரி வழக்கமாக அங்கே போகாது. மற்றவை போகும்.

இரண்டாவது விஷயம், நீங்கள் தடுத்தாலும் பொதுப் பதிவு பொதுப் பதிவுதான். வலையில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், பிரதி எடுக்கலாம். தடுப்பது உரையாடலை நிறுத்தும், படிப்பதை நிறுத்தாது. "மெட்டாவிடமிருந்து தரவைக் காப்பாற்றவே தடுக்கிறோம்" என்று உறுப்பினர்களிடம் சொல்லாதீர்கள். இல்லாத பாதுகாப்பை நம்பி ஒருவர் எழுதக்கூடாததை எழுதிவிட்டால் அந்தப் பழி உங்களுடையது.

சரி, த்ரெட்ஸ் எப்படி வந்தது? 2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனது. அந்தக் குளிர்காலத்தில் மாஸ்டடானின் மாதப் பயனர் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தொட்டது. (இந்தியாவில் இதற்கு ஒரு முன்னோட்டம் 2019 நவம்பரிலேயே நடந்தது. மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும் நம் ஊர்க்காரர்கள் பலர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள்.) 2023 ஜூலை 5-ஆம் தேதி த்ரெட்ஸ் வந்தது, ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். ஆக்டிவிட்டிபப் ஆதரவு வரும் என்று முதல் நாளே சொன்னார்கள். அந்த டிசம்பரில் சோதனை, 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பானில் பயனர்களுக்கு, ஜூனில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு. 2024 டிசம்பரில்தான் த்ரெட்ஸில் இருந்துகொண்டு வெளி சர்வர் ஆட்களைப் பின்தொடர முடிந்தது. 2025 ஜூனில் அதற்கென்று தனி டைம்லைன்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அவர்கள் பேசுவது வெளியே கேட்க 2024 மார்ச்சிலேயே வழி பிறந்தது. வெளியே இருப்பவர் பேசுவதை அவர்கள் உட்கார்ந்து கேட்க இன்னும் ஒன்பது மாதம் ஆனது, அதுவும் பிறகு தனி அறைக்குப் போனது. எனக்கு இது உறுத்துகிறது. அளவும் அப்படித்தான்: 2025 ஆகஸ்டில் த்ரெட்ஸ் மாதம் 40 கோடிப் பேர் என்று சொன்னது, ஃபெடிவர்ஸின் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் 10 லட்சம் சொச்சம்தான். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் 2023 ஜூனிலேயே நூற்றுக்கணக்கான அட்மின்கள் "வந்தால் தடுப்போம்" என்று கூட்டாக உறுதி எடுத்தார்கள். மாஸ்டடானை உருவாக்கிய ஓய்கன் ரோச்கோ நடத்திய மிகப்பெரிய சர்வரோ தடுக்கவில்லை. இரண்டு தரப்பிலும் நான் மதிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது கூகுள் டாக் கதைக்கு வருவோம். எல்லோரும் அதை உதாரணம் காட்டுகிறார்கள், பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எக்ஸ்எம்பிபி என்பது 1999-இல் ஜெரமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய அரட்டை நெறிமுறை. யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம், எந்தச் சர்வரில் இருப்பவரோடும் பேசலாம். 2005 ஆகஸ்டில் கூகுள் டாக் அதன் மேல் கட்டப்பட்டு வந்தது. 2006 ஜனவரியில் வெளி சர்வர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். திறந்த மென்பொருள்காரர்களுக்கு அது திருவிழா. சொந்த சர்வரில் உட்கார்ந்துகொண்டு ஜிமெயில் வைத்திருக்கும் அத்தனை பேரோடும் பேசலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அப்புறம் மெதுவாக ஒன்று நடந்தது. புதிதாக வருபவரிடம் "ஜாபர் சர்வரில் கணக்குத் தொடங்கு" என்று சொல்ல வேண்டிய அவசியமே போய்விட்டது. ஜிமெயில் இருந்தாலே போதுமே. சொந்த சர்வர் வைத்திருந்தவர்களின் தொடர்புப் பட்டியலில் வருடா வருடம் ஜிமெயில் முகவரிகள் ஏறிக்கொண்டே போயின. இன்னொரு பக்கம், கூகுளின் சர்வர் வெளி சர்வர்களோடு பேசும்போது, செய்தியை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் மறையாக்கத்தை ஆதரிக்கவில்லை. மறையாக்கம் இல்லாமல் இணையாதே என்று மற்றவர்கள் விதி போட நினைத்தாலும் போட முடியவில்லை. போட்டால் பாதி நண்பர்கள் காணாமல் போவார்கள். ஒரு முழு வலைப்பின்னல் தன் பாதுகாப்பை ஒரு பெரிய பங்காளிக்காகத் தள்ளிப்போட்டது.

2013 மே மாதம் ஹேங்கவுட்ஸ் அறிவிக்கப்பட்டது, வெளி சர்வர்களோடு பேசும் வசதி அதில் இல்லை. பழைய வழி கொஞ்ச நாள் ஓடியது. 2014 மே 19 அன்று எக்ஸ்எம்பிபி சர்வர்கள் ஒன்றாகச் சேர்ந்து மறையாக்கத்தைக் கட்டாயமாக்கின. அன்றோடு அந்தச் சர்வர்களிலிருந்து ஜிமெயில் நண்பர்களைப் பிடிக்க முடியாமல் போனது.

"கூகுள் எக்ஸ்எம்பிபியைக் கொன்றது" என்று இதைச் சுருக்குவது சரியில்லை என்பது என் கருத்து. அதே வருடங்களில்தான் எல்லோரும் கணினியிலிருந்து கைபேசிக்குப் போனார்கள். பேட்டரியைத் தின்னாமல், பயணத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் செய்தி சேரும்படி ஒரு நல்ல செயலியை எக்ஸ்எம்பிபி உலகம் அந்த நேரத்தில் தரவில்லை. வாட்ஸ்அப் தந்தது. அந்த வாட்ஸ்அப்பும் எஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை எடுத்து மாற்றியமைத்துக் கட்டப்பட்டதுதான், வெளிக் கதவை மட்டும் வைக்கவில்லை. எக்ஸ்எம்பிபி இன்றும் உயிரோடு இருக்கிறது. போனது மக்கள்.

ஆக, அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. பெரிய ஆளுக்காகக் காத்திருந்து தன் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. உறுப்பினர்களின் உறவுகள் எல்லாம் ஒரே பெரிய வீட்டில் குடியிருக்கும் நிலைக்கும் வரக்கூடாது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவி, 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்ட கூகுள் ரீடரும் இதே பாடம்தான். அந்தப் பதிவுகளைக் கொண்டுவந்து சேர்த்த ஆர்எஸ்எஸ் ஒரு திறந்த தரநிலை, அதற்கு எதுவும் ஆகவில்லை, பாட்காஸ்ட்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் ஏகப்பட்ட பேர் அதை ஒரே நிறுவனத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பழகியிருந்தார்கள். தமிழ் வலைப்பதிவு படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். தமிழ்மணம் மாதிரியான திரட்டிகளிலும் ரீடரிலும் படித்துக்கொண்டிருந்த கூட்டம் அந்தச் சில வருடங்களில் முகநூலுக்குக் குடிபெயர்ந்தது. பதிவுகள் இருந்தன, படிக்கும் பழக்கம் போய்விட்டது.

போவதில் இன்னொரு வகையும் உண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 2023-இல் ஒரு மாஸ்டடான் சர்வரைத் தொடங்கி, 2024 டிசம்பர் 17-இல் மூடியது. மூன்று மாதம் முன்பே சொன்னார்கள். அங்கே இருந்தவர்கள் வேறு சர்வரில் கணக்குத் தொடங்கி, பழைய கணக்கிலிருந்து "இடம் மாறிவிட்டேன்" என்று அறிவித்ததும், பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய இடத்துக்கு வந்துவிடுவார்கள். மாஸ்டடானில் அந்த வசதி இருக்கிறது. பழைய பதிவுகள் கூட வராது, அது ஒரு குறைதான். ஆனாலும் உறவு அறுவதில்லை. ஒரு நிறுவனம் போனது, வலைப்பின்னல் அசையவில்லை. அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர்தான், வாசல் வழியாக மூட்டையோடு நடந்துபோகவும் முடிந்தது.

த்ரெட்ஸ் தொடங்கியபோது, அதைக் கட்டிய இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி சொன்ன காரணங்களில் ஒன்றும் இதுவே: ஒருவர் த்ரெட்ஸை விட்டுப் போனாலும் தன்னைப் பின்தொடர்பவர்களை வேறு சர்வருக்குக் கூட்டிப்போக முடிய வேண்டும். நல்ல வாக்குறுதி. ஆனால் பகிரும் வசதி வந்தபோது இந்த இடம்பெயரும் வசதி கூடவே வரவில்லை. ஒரு நிறுவனத்தின் நோக்கத்தை அளக்க இதுதான் என்னிடம் இருக்கும் அளவுகோல். உள்ளே வரும் வழியை எல்லோரும் வேகமாகப் போடுவார்கள். வெளியே போகும் வழியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

இணைப்பை அறுக்காமலேயே பெரியவர்கள் சிறியவர்களை நெருக்கவும் முடியும். மின்னஞ்சல் அப்படித்தான் ஆனது. ஒரு சிறிய அலுவலகத்துக்கு நான் பல வருடம் சொந்த மெயில் சர்வர் பார்த்துக்கொண்டேன். கடிதம் எங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன, ஒரு ஸ்பாம்கூட எங்களிடமிருந்து போனதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கணக்காளர் வந்து, "சார், நேற்று அனுப்பின இன்வாய்ஸ் யாருக்குமே வரலையாம்" என்றார். பதிவேட்டைத் திறந்தால், ஒரு பெரிய மின்னஞ்சல் நிறுவனம் எங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் "பெற்றுக்கொண்டேன்" என்று வாங்கி, ஸ்பாம் பெட்டியில் போட்டிருந்தது. எங்கள் ஐபி முகவரிக்குப் பக்கத்து முகவரிகளில் வேறு யாரோ தப்பு செய்திருக்கலாம் என்பது என் ஊகம். படிவம் நிரப்பினேன், தானியங்கிப் பதில் வந்தது. மறுபடி நிரப்பினேன், அதே பதில். மூன்று வாரம் கழித்து, மாதக் கட்டணம் கட்டி வேறொரு நிறுவனத்தின் வழியாகக் கடிதம் அனுப்பும் ஏற்பாட்டுக்கு மாறினோம். யாரும் எந்தத் தரநிலையையும் மீறவில்லை, யாரும் எங்களைத் தடுக்கவும் இல்லை. பேசுவதற்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இல்லை, அவ்வளவுதான். ஃபெடிவர்ஸில் எனக்கு உண்மையான பயம் இதுதான். ஒரு நாள் பேச்சில் பெரும்பகுதி த்ரெட்ஸ் வழியாகப் போகத் தொடங்கினால், எந்தச் சிறிய சர்வர் நம்பத்தக்கது என்று அவர்களே தீர்மானிப்பார்கள்.

அடுத்தது நம்பிக்கை. உங்கள் உறுப்பினர்களில் தடுக்கச் சொல்பவர்களை வெறும் கொள்கைப் பிடிவாதக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன பகுதியில் முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறைக்கு, மெட்டாவின் பேஸ்புக்கில் பரவிய வெறுப்புப் பதிவுகள் தூண்டுதலாக இருந்தன. அதற்காக நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. புகார்கள் சிங்களத்தில் குவிந்தபோது அந்த மொழி தெரிந்த மதிப்பீட்டாளர்கள் போதுமான அளவு அவர்களிடம் இல்லை. 2025 ஜனவரி 7-இல் மெட்டா தன் வெறுப்புப் பேச்சு விதிகளை மேலும் தளர்த்தியது, அமெரிக்காவில் வெளியார் உண்மைச் சரிபார்ப்பையும் நிறுத்தியது. உங்கள் சர்வரில் தமிழில் ஒருவர் ஒருவரைச் சாதி சொல்லித் திட்டினால், புகாரைப் படிப்பவர் நீங்கள். அந்தச் சொல்லின் எடை உங்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் நடவடிக்கை எடுப்பீர்கள். 80 பேர் சர்வரின் பெருமையே இதுதான், அதை விலைக்கு வாங்க முடியாது. 40 கோடிப் பேர் இருக்கும் இடத்திலிருந்து வரும் பதில்களை நீங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று யோசிக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

தடுப்பு என்ற ஆயுதம் வேலை செய்யாது என்பவர்களுக்கு கேப் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்கத் தீவிர வலதுசாரிகள் கூடும் கேப் 2019 ஜூலையில் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது, ஆள் எண்ணிக்கையில் பெரிய சர்வராக. பெரும்பாலான சர்வர்கள் தடுத்தன, சில கைபேசிச் செயலிகள் அதில் உள்நுழையவே விடவில்லை. பிறகு கேப் தானே ஃபெடிவர்ஸ் இணைப்பை விட்டது. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு கெட்டதைத் தள்ளிவைக்க இந்த வலைப்பின்னலால் முடிந்தது. த்ரெட்ஸ் விஷயத்தில் அப்படி ஒத்த கருத்து கிடையாது. அங்கே வெறுப்பாளர்களும் இருக்கிறார்கள், உங்கள் உறுப்பினரின் அக்காவும் இருக்கிறார்.

ப்ளூஸ்கையையும் இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ட்விட்டருக்குள் 2019-இல் அறிவிக்கப்பட்டு, பின் தனி நிறுவனமாகி, ஏடி ப்ரோட்டோகால் என்ற வேறு நெறிமுறையில் ஓடுவது அது. நடுவே பாலம் போடும் மென்பொருள் இருந்தால்தான் உங்களோடு பேசும். அதைப் பற்றித் தனியாக முடிவெடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் சர்வரில் என்ன செய்யலாம். நானாக இருந்தால் த்ரெட்ஸை, மாஸ்டடானில் முழுத் தடுப்புக்குக் கீழே இருக்கும் லிமிட் நிலையில் வைப்பேன். அங்கிருந்து வரும் பதிவுகள் பொது டைம்லைனில் தெரியாது. பின்தொடர்பவருக்கு மட்டும் தெரியும். அங்கிருந்து யாராவது உங்கள் ஆளைப் பின்தொடர வந்தால் அவர் கையால் ஒப்புதல் தர வேண்டும். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளலாம், கூட்டம் உள்ளே வராது. முழுவதுமாக வேண்டாம் என்பவர்கள் தங்கள் கணக்கின் அமைப்பிலேயே த்ரெட்ஸின் டொமைனை (இணைய முகவரியை) தடுத்துக்கொள்ளலாம். அதை எப்படிச் செய்வது என்று படத்தோடு ஒரு பக்கம் எழுதி வையுங்கள், கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு சர்வரை முழுவதுமாகத் தடுக்கும் சஸ்பெண்ட் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அழுத்தினால் இரண்டு பக்கமும் இருக்கும் பின்தொடர்தல்கள் அறுந்துபோகும், நாளை நீங்கள் மனம் மாறித் திறந்தாலும் அவை தானாகத் திரும்பி வராது. மாஸ்டடான் 4.3 பதிப்பிலிருந்து, எந்த உறவுகள் அறுந்தன என்று உறுப்பினருக்கு அறிவிப்பு போகிறது, பட்டியலை இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தால் முதலில் மேம்படுத்துங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: துரத்தித் துரத்தித் தொல்லை செய்யப்பட்டு ஓடிவந்தவர்கள்தான் உங்கள் உறுப்பினர்களில் அதிகம் என்றால், இன்றே சஸ்பெண்ட் செய்யுங்கள். அவர்களுக்காகத்தான் அந்தச் சர்வர், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

லிமிட்டில் வைத்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸில் ஒரு கணக்கெடுங்கள். உங்கள் உறுப்பினர்கள் பின்தொடரும் வெளிக் கணக்குகளில் எத்தனை பங்கு த்ரெட்ஸுடையது? பத்தில் ஒன்று என்றால் கவலை இல்லை. பாதியைத் தாண்டினால், தொடர்புப் பட்டியல் ஜிமெயிலால் நிறைந்த எக்ஸ்எம்பிபிகாரர்களின் நிலை உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது உறுப்பினர்களைக் கூட்டிப் பேசுங்கள், அக்காக்களில் நாலு பேரையாவது உங்கள் சர்வருக்கோ வேறொரு சிறிய சர்வருக்கோ அழைத்து வரச் சொல்லுங்கள்.

கடைசியாக, த்ரெட்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம். 2024 பிப்ரவரியில் ஏஎஃப் என்று முடியும் டொமைனில் இயங்கிய ஒரு மாஸ்டடான் சர்வரின் முகவரியை ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசு முடக்கியது. அந்த நாட்டின் டொமைன் அது, பெயர் அழகாக அமைந்ததால் வாங்கியிருந்தார்கள். முகவரி போனால் மாஸ்டடானில் எல்லாமே போய்விடும், இடம் மாறிவிட்டேன் என்று அறிவிக்கக்கூட வழி இருக்காது. உங்கள் சர்வரின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், அவர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டால் கடவுச்சொல் வேறு யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். த்ரெட்ஸ் வாக்கெடுப்பை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.